யாரை அனுப்புகிறார்கள்?

வெளிநாட்டுப் பயிற்சிக்கு ஆள் கேட்டுச் சுற்றறிக்கை வந்தால் அது முதலில் யார் மேசைக்குப் போகும் என்பது மின்துறையில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருக்கிற மேலதிகாரி, செயலகத்தில் சொந்தக்காரர் உள்ளவர், ஏற்கெனவே போய்வந்த பழக்கத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தே வைத்திருப்பவர் என்ற வரிசையில்தான் அந்தக் காகிதம் நகரும். அந்த வேலையை அன்றாடம் பார்க்கிற உதவிப் பொறியாளர் கைக்கு வரும்போது விண்ணப்பத்தின் கடைசித் தேதி தாண்டியிருக்கும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கோளாறு வந்தால் மின்தடத்தைத் துண்டிக்கும் ரிலே பாதுகாப்பு பற்றிய பயிற்சிக்காக ஐரோப்பா போய்வந்தவர் கொள்முதல் பிரிவைச் சேர்ந்தவர். திரும்பி வந்ததும் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். பயிற்சிக் கையேடுகள் பீரோவுக்கு மேலே ஏறின. நல்ல மனிதர், அவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

கொடுக்கிற நாடுகளுக்கும் இதில் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. இத்தனை நாடுகளிலிருந்து இத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம் என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி, படிக்கட்டில் வரிசையாக நிற்கவைத்து எடுத்த ஒரு புகைப்படம், அவ்வளவில் கணக்கு நேராகிவிடும். போனவர் ஊர் திரும்பி அதே நாற்காலியில் உட்கார்ந்தாரா, அந்த நாற்காலியாவது இருந்ததா என்று கேட்பவர்கள் குறைவு. இந்தச் சலிப்போடு இருந்த எனக்கு, பூமிக்கடியிலுள்ள ஆவியையும் வெந்நீரையும் பயன்படுத்தக் கற்றுத்தரும், ஐஸ்லாந்து நடத்தும் புவிவெப்பப் பயிற்சியைப் பற்றித் தெரிந்துகொண்டபோது வியப்புதான் வந்தது. உதவிப் பணத்தில் நடக்கும் பயிற்சி ஒரு நாட்டின் மின்சாரக் கணக்கையே மாற்ற முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

டோக்கியோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் ஐஸ்லாந்து அரசும் 1978-இல் செய்துகொண்ட ஏற்பாடு அது. வகுப்புகள் 1979-இல் ரேக்யவிக் நகரில், அந்நாட்டு அரசின் எரிசக்தி அமைப்பிலேயே தொடங்கின. செலவின் பெரும்பகுதி ஐஸ்லாந்தின் வெளிநாட்டு உதவி நிதியிலிருந்து வந்தது. அப்போது அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே இரண்டேகால் லட்சம்தான். 1970கள் வரை அதுவும் ஐ.நா.விடம் வளர்ச்சி உதவி வாங்கிக்கொண்டிருந்த நாடு. 1973-இல் எண்ணெய் விலை எகிறியபோது, வீடுகளைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதை நிறுத்திவிட்டுப் பூமிக்கடியிலிருந்து வெந்நீரைக் குழாயில் கொண்டுவருவது என்று தீர்மானித்தார்கள். இன்று அங்கே பத்தில் ஒன்பது வீடுகள் அப்படித்தான் சூடாகின்றன.

அந்தத் தீர்மானம் சுலபமாக நிறைவேறவில்லை. க்ராஃப்லா என்ற இடத்தில் மின்நிலையம் கட்டிக்கொண்டிருந்தபோதே, 1975-இல், பக்கத்திலிருந்த எரிமலை விழித்துக்கொண்டது. 1984 வரை விட்டுவிட்டு வெடித்தது. பாறைக் குழம்பிலிருந்து கசிந்த வாயுக்கள் கிணறுகளின் குழாய்களை அரித்துத் தின்றன. 1977-இல் அருகிலுள்ள ஒரு கிணற்றின் வழியாகச் சில டன் எரிமலைக் குழம்பே மேலே வந்து கொட்டியது. போர் போட்ட குழாயிலிருந்து நெருப்புக் குழம்பு வந்ததைப் பார்த்தவர்கள்தான் இரண்டு வருடம் கழித்துப் பயிற்சிக்கூடம் திறந்தார்கள். ஆசிரியர்களாக நின்றவர்கள் இந்த உதைகளையெல்லாம் வாங்கிய, வேலையில் இருந்த பொறியாளர்கள், புவியியலாளர்கள்.

ஆனால் திறமையான ஆசிரியர்கள் உலகத்தில் நிறைய இடங்களில் உண்டு. ஐஸ்லாந்துக்காரர்களின் சாமர்த்தியம் ஆள் எடுக்கும் விதத்தில் இருந்தது என்பது என் எண்ணம்.

விண்ணப்பத்தை வாங்கி அடுக்கிவைத்து மதிப்பெண் பார்க்கிற வழக்கம் அங்கே இல்லை. புவிவெப்பம் உண்மையிலேயே கிடைக்கக்கூடிய நாடா, அதைத் தேடும் வேலையில் ஓர் அரசு நிறுவனம் இறங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். பிறகு ரேக்யவிக்கிலிருந்து ஒருவர் அந்த நாட்டுக்கே போகிறார். ஆவி புகையும் இடத்தை நேரில் பார்க்கிறார், ஆட்களை உட்காரவைத்துப் பேசுகிறார். பட்டம் இருக்க வேண்டும், இந்தத் துறையில் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வயது நாற்பதைத் தாண்டக் கூடாது, திரும்பி வந்தால் அதே நிறுவனத்தில் வேலை காத்திருக்க வேண்டும். எந்தப் பிரிவில் பயிற்சி என்பதும் போகிறவரின் ஆசையைப் பொறுத்ததல்ல. அந்த நிறுவனத்தில் எந்தக் கை குறைகிறதோ அந்தப் பிரிவு. இந்த ஆண்டு ஒரு புவியியலாளர், அடுத்த ஆண்டு அதே அலுவலகத்திலிருந்து ஒரு வேதியியலாளர், அதற்கடுத்து நிலத்தடி நீராவித் தேக்கத்தைக் கணக்கிடுபவர், பிறகு துளையிடும் பொறியாளர். பத்துப் பதினைந்து வருடத்தில் ஒரே கூரையின்கீழ், ஒரே பாஷை பேசுகிற ஒரு குழு சேர்ந்துவிடுகிறது. நாற்பது ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து எழுநூற்றுச் சொச்சம் பேர்தான் இந்த ஆறு மாதப் பயிற்சியை முடித்தார்கள். ஆண்டறிக்கைக்குப் பெருமை சேர்க்கிற எண்ணிக்கை அல்ல.

பயிற்சி வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். ஆரம்ப வாரங்களில் எல்லோருக்கும் பொதுவான பாடம், பிறகு அவரவர் பிரிவு, நடுவில் நாடு முழுக்க ஒரு சுற்று. கடைசி மூன்று மாதமும் ஓர் ஆய்வு. அதற்கு எடுத்துக்கொள்ளும் தரவுகள் பெரும்பாலும் அவரவர் ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்தவை. எல் சால்வடார்க்காரர் தம் நாட்டுக் கிணற்றின் அழுத்த அளவுகளைக் கொண்டுவருவார், பிலிப்பைன்ஸ்காரர் தம் நாட்டு நீரின் வேதிப் பகுப்பாய்வைக் கொண்டுவருவார். அறிக்கைகள் ஆண்டு மலராக அச்சாகின, இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொழுது போகாத ராத்திரிகளில் நான் அவற்றைப் புரட்டுவதுண்டு. இலக்கிய நயம் எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் ஒருவர் தம் ஊர்ப் பாறையைப் புரிந்துகொள்ள முட்டிமோதுவதைப் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம்.

பாறையைப் புரிந்துகொள்வது என்றால் என்ன? திருச்செங்கோட்டு ரிக் வண்டி நம் தோட்டத்தில் ஆயிரம் அடி இறக்கும்போது, வெளியே வரும் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து "இன்னும் முப்பது அடி போகலாம்" என்று சொல்வாரே ஒரு பெரியவர், அந்த வேலைதான். ஆழம் மட்டும் பத்தாயிரம் அடிக்குப் பக்கம், செலவு பல லட்சம் டாலர். ரிக் ஓடும் நேரமெல்லாம், இரண்டு மீட்டருக்கு ஒரு முறை மேலே வரும் துகள்களைப் பிடித்து, கழுவி, நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்க்க வேண்டும். களிமண் வகையான ஸ்மெக்டைட் தெரிந்தால் வெப்பம் இன்னும் 200 டிகிரிக்கு வரவில்லை என்று பொருள். குளோரைட் வந்தால் ஏறுகிறது. பச்சைப் பட்டாணி நிறத்தில் எபிடோட் என்ற கனிமம் ஒழுங்காகத் தென்படத் தொடங்கினால் 240, 250 டிகிரியைத் தொட்டாயிற்று. குளிர்ந்த நீர் உள்ளே புகாமல் தடுக்கும் கேசிங் குழாயை எந்த ஆழத்தில் நிறுத்தி சிமென்ட் இடுவது என்ற முடிவு இதையெல்லாம் வைத்துத்தான். அவசரப்பட்டு மேலேயே நிறுத்தினால் குளிர்நீர் புகுந்து கிணறு வீணாகலாம். கனிமம் பழைய வெப்பத்தைக் காட்டுகிறதா இன்றைய வெப்பத்தைக் காட்டுகிறதா என்ற வில்லங்கம் வேறு உண்டு. பாறை எப்போதோ கொதித்து, பிறகு ஆறியிருக்கலாம், எபிடோட் மட்டும் மிச்சமிருக்கும். இந்தக் கண் பழக்கம் இரண்டு வாரக் கருத்தரங்கில் வராது.

இதே காலத்தில் இன்னும் சில பள்ளிகள் இருந்தன. இத்தாலியில் பீசா, ஜப்பானில் கியூஷு, நியூசிலாந்தில் ஆக்லாந்து. ஆக்லாந்துப் பள்ளி நன்றாகவே நடந்தது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், கென்யா என்று பல நாட்டுப் பொறியாளர்கள் அங்கே பட்டயம் பெற்றார்கள். நியூசிலாந்தின் உதவிப் பணம் நின்றதும் 2002-உடன் அந்த வகுப்பும் நின்றது. சில வருடம் கழித்து வேறு வடிவத்தில் திறந்தார்கள் என்றாலும் விட்ட தொடர் விட்டதுதான். ஐஸ்லாந்தில் 2008-இல் வங்கிகளெல்லாம் கவிழ்ந்து நாடே திவாலாகும் நிலைக்குப் போனபோதும் பயிற்சியை மூடவில்லை. இந்தப் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கென்யாவுக்கு வருகிறேன். ரேக்யவிக்கில் பயின்றவர்களில் அதிகம் பேர் அந்த நாட்டுக்காரர்கள், நூறு பேருக்கும் மேல்.

நைவாஷா ஏரிக்குத் தெற்கே ஒல்காரியா என்ற எரிமலைப் பகுதி. 1950களின் கடைசியில் அங்கே இரண்டு கிணறு தோண்டி, ஆவி உருப்படியாக வராமல் விட்டுவிட்டார்கள். 1970-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு மீண்டும் தேடினார்கள். 1981-இல் முதல் 15 மெகாவாட் அலகு ஓடியது, 1985-இல் அது 45 ஆயிற்று. அதுவரை வெளிநாட்டு ஆலோசகர்களின் கைதான் ஓங்கியிருந்தது. அதற்குப்பின் பதினெட்டு ஆண்டுகள் அரசு மின்னுற்பத்தி நிறுவனம் ஒல்காரியாவில் ஒரு புதிய அலகையும் சேர்க்கவில்லை. அரசியல் குழப்பம், கடன் கொடுப்பவர்கள் கையை இழுத்துக்கொண்டது, எல்லாம் சேர்ந்து இழுபட்டு, இரண்டாவது நிலையம் 2003-இல்தான் ஓடத் தொடங்கியது.

இந்தப் பதினெட்டு ஆண்டுகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கட்டுவதற்கு நிலையமே இல்லாத காலத்திலும் கென்யர்கள் ரேக்யவிக்குக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு தணிக்கை அதிகாரி அந்தச் சமயத்தில் கணக்குப் பார்த்திருந்தால், வேலையில்லாத வேலைக்கு ஆள் தயாரிக்கிறீர்களே என்று கோப்பில் சிவப்பு மையில் எழுதியிருப்பார், அது நியாயமாகவும் தோன்றியிருக்கும். 2008-க்குப் பிறகு பணம் வரத் தொடங்கியது. அப்போது கிணறு எங்கே தோண்டுவது, எவ்வளவு ஆவி கிடைக்கும், எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்ல உள்ளூரிலேயே ஆட்கள் இருந்தார்கள். 2014-ஐ ஒட்டி ஒரே மூச்சில் 280 மெகாவாட், 2019-இல் ஒல்காரியா ஐந்தாம் நிலையம் என்று வளர்ந்து, தனியார் நிலையங்களையும் சேர்த்து இன்று நாட்டின் புவிவெப்பத் திறன் 900 மெகாவாட்டுக்கு மேல். அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் நாற்பது சதவீதத்துக்கும் அதிகம் இதுதான். மழை பொய்த்து அணைகள் வற்றினாலும் நைரோபியில் விளக்கு எரிவதற்கு இதுவே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் துணைமின்நிலைய வேலை ஒன்றுக்காக நைரோபியில் தங்கியிருந்தபோது ஒல்காரியாவைப் பார்க்க வாய்த்தது. அது ஒரு தேசியப் பூங்காவை ஒட்டியும் உள்ளேயுமாக இருக்கிறது. ஆவிக் குழாய்கள் குன்றுகளின் மீது வளைந்து வளைந்து போகின்றன. ஒட்டகச்சிவிங்கிகள் கடந்து போவதற்காக அங்கங்கே குழாயை உயரத் தூக்கி வளைவு கட்டியிருக்கிறார்கள். வரிக்குதிரைகள் எதையும் சட்டை செய்யாமல் மேய்கின்றன. ஒரு புதிய கிணற்றைத் திறந்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். காதில் அடைப்பான் இல்லாமல் நிற்க முடியாத இரைச்சல். கிணற்றிலிருந்து பீறிடும் நீரும் ஆவியும் கலந்த கலவை ஓர் உயரமான உருளைக்குள் பாய்கிறது. ஆவி மேலே போய்விடுகிறது, வெந்நீர் அடியிலிருந்து ஒரு தொட்டிக்கு வந்து, ஆங்கில எழுத்து 'வி' வடிவில் வெட்டிய தகட்டின் வழியாக வழிகிறது.

அந்தத் தகட்டின் பக்கத்தில் ஓர் இளம் பொறியாளர் அளவுகோலைப் பிடித்து நின்றார். வெட்டில் நீர் எத்தனை சென்டிமீட்டர் உயரம் வழிகிறது, குழாயின் விளிம்பில் அழுத்தமானி என்ன காட்டுகிறது. இந்த இரண்டையும் குறித்துக்கொண்டால் கிணற்றின் மொத்த வெப்பத்தையும் கணக்கிட்டுவிடலாம். நியூசிலாந்தின் ரஸ்ஸல் ஜேம்ஸ் 1960களில் வகுத்த முறை. ஒரு தகடு, ஓர் அளவுகோல், ஓர் அழுத்தமானி. பல கோடி ரூபாய் கிணற்றின் ஜாதகம் அதில்தான் எழுதப்படுகிறது. என்னைக் கூட்டிப்போன மூத்த பொறியாளர் ரேக்யவிக் சென்றுவந்தவர். அங்கே என்ன கற்றீர்கள் என்று கேட்டேன். குளிரைப் பற்றியும் மீன் சாப்பாட்டைப் பற்றியும் கொஞ்சம் புலம்பினார். பிறகு, தாம் கொண்டுபோன அளவுகளில் அழுத்தமானியை எப்போது சரிபார்த்தார்கள் என்ற குறிப்பு இல்லாததால், வழிகாட்டி அவரை மீண்டும் மீண்டும் முதலிலிருந்து கணக்குப் போட வைத்ததைச் சொன்னார். சொல்லிக்கொண்டே அந்த இளைஞரின் நோட்டை வாங்கி, மானி சரிபார்த்த தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

2019-இல் எத்தியோப்பியாவின் அலுடோ லங்கானோ பகுதியில் கிணறு தோண்டும் ஒப்பந்தத்தைக் கென்ய அரசு மின்னுற்பத்தி நிறுவனம் பெற்றது. அடுத்து ஜிபூட்டி. ஒரு காலத்தில் ஆலோசகருக்கு டாலரில் கூலி கொடுத்த நிறுவனம் கூலி வாங்கிக்கொண்டு அண்டை நாட்டில் துளையிட இறங்கியது. ரேக்யவிக்காரர்கள் 2005 முதல் கென்யாவிலேயே குறும்பயிற்சிகளும் நடத்துகிறார்கள், அங்கே மேடையேறிப் பாடம் எடுப்பவர்களில் பலர் பழைய மாணவர்கள்.

எத்தியோப்பியாவின் கதையையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அங்கிருந்தும் தொடர்ந்து ஆட்கள் ஐஸ்லாந்துக்குப் போனார்கள். அலுடோவில் 1998-இல் ஒரு சிறிய சோதனை நிலையமும் எழுந்தது. சில ஆண்டுகளிலேயே பழுதாகி நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. தேர்ந்த புவியியலாளர்கள் இருந்தார்கள், தோண்டப் பணம் இல்லை. ஒரு ஆழ்கிணற்றுக்கு ஐம்பது லட்சம் டாலர் ஆகலாம், முதல் சில கிணறுகள் பொய்த்தும் போகலாம் என்னும்போது எந்த வங்கி துணியும்? பயிற்சி அந்த ஓட்டையை அடைக்காது. ஆப்பிரிக்க ஒன்றியமும் ஜெர்மனியும் சேர்ந்து 2012-இல் துளையிடும் ஆபத்தில் பங்கெடுக்கும் நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள், தாமதமாக.

கென்யாவிலும் எல்லாம் சுபம் அல்ல. ஒல்காரியா நான்காம் நிலையத்துக்காக மாசாய் குடும்பங்களை 2014-இல் இடம் மாற்றினார்கள். புதிய இடத்தில் மேய்ச்சலும் பாதையும் சரியில்லை, எங்களிடம் முறையாகக் கலந்து பேசவில்லை என்று அவர்கள் உலக வங்கியின் விசாரணைக் குழு வரை போனார்கள், பிறகு சமரசப் பேச்சு நடந்தது. ரேக்யவிக்கில் சுற்றுச்சூழல் பிரிவும் உண்டுதான். ஆனால் மாட்டோடு வாழ்கிறவர்களின் நிலத்தில் எப்படி நுழைவது என்பதை மக்கள் குறைவான ஒரு தீவில் போய் எவ்வளவு படித்துவிட முடியும்?

ஆள் தேர்வைப் பற்றிச் சொன்னதும் ராஜஸ்தானின் திலோனியா நினைவுக்கு வருகிறது. அங்குள்ள பேர்ஃபுட் கல்லூரிக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களிலிருந்து பாட்டிமார்கள் வந்து, வளரும் நாட்டவருக்குப் பயிற்சி அளிக்கும் இந்திய அரசின் ஐடெக் திட்ட உதவியில் ஆறு மாதம் தங்கி, சூரிய விளக்குகளைப் பூட்டவும் பழுதுபார்க்கவும் கற்றிருக்கிறார்கள். பொதுவான பாஷை கிடையாது. நிறக் குறியீடு, சைகை, கை பழகப் பழக வருவது. ஏன் பாட்டிகள் என்றால், இளைஞன் சான்றிதழை வாங்கியதும் நகரத்துக்கு வண்டியேறிவிடுவான், பாட்டி பேரன் பேத்தியை விட்டு எங்கும் போகமாட்டாள் என்பதுதான் நிறுவியவர்களின் கணக்கு. நாற்பது வயதுக்குட்பட்ட புவியியலாளரைத் தேடும் ரேக்யவிக்கும், பாட்டியைத் தேடும் திலோனியாவும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன.

பிறர் உதவியில் கற்று, பிறகு மற்றவர்களுக்குக் கற்றுத்தரும் இடம் நம் ஊரிலும் ஒன்று உண்டு. கயத்தாறில் காற்றாலைச் சோதனை நிலையம் டென்மார்க்கின் உதவியில் எழுந்தது. காற்றாலைகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் முறையையும் டேனிஷ் ஆய்வகத்தோடு சேர்ந்துதான் வகுத்தார்கள். அந்தச் சோதனை நிலையத்தை நடத்தும் தேசிய காற்றுச் சக்தி நிறுவனம், பள்ளிக்கரணையில், இப்போது ஐடெக் திட்டத்தின்கீழ் ஆப்பிரிக்க, ஆசிய, லத்தீன் அமெரிக்கப் பொறியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. டென்மார்க்கிடம் வாங்கியதை வேறு யாருக்கோ கொடுக்கிறோம், சந்தோஷம்தான். ஆனால் இவை சில வாரப் பயிற்சிகள். ஒரு வகுப்பில் பல நாட்டவர், ஒவ்வொரு நாட்டுக்கும் ஓரிருவர். நட்பு வளர்க்க இது நல்ல வழி, குழு வளர்க்க அல்ல. ஒரே ஒரு நாட்டை, காற்று நன்றாக வீசும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள ஒரே அலுவலகத்திலிருந்து பத்து வருடம் ஆள் எடுத்து, அவர்களின் கம்பத்தில் அளந்த காற்றுத் தரவையே கயத்தாறில் அலசவைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. யார் யாருக்கு எத்தனை இடம் என்று தூதரகக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காது.

நாமும் இந்த விஷயத்தில் கற்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறோம். லடாக்கின் புகா பள்ளத்தாக்கில், 4,400 மீட்டர் உயரத்தில், வெந்நீர் ஊற்றுகளை 1970களிலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தோண்டிப் பார்த்தது. பிறகு கோப்பு தூங்கியது. 2021-இல் ஓ.என்.ஜி.சி. லடாக் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஒரு மெகாவாட் சோதனை நிலையத்துக்காக ஆழத் துளையிட இறங்கியது. மறு ஆண்டு அதிக அழுத்தத்தில் வெந்நீரும் ஆவியும் பீறிட்டு வந்ததால் வேலையை நிறுத்த நேர்ந்தது. 1970களில் அங்கே துளையிட்டவர்கள் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்களுக்கும் இன்றைக்கு ரிக்கில் நிற்கும் பிள்ளைகளுக்கும் நடுவே, அந்தப் பாறைத் துகள்களை வருடாவருடம் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர் என்று ஒருவரும் இல்லை.